லாஸ்ட் நேம் கட்டத்தில் அப்பா பெயர்

(முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தின் துண்டறிக்கையைப் பார்த்துவிட்டு ஒரு மூத்த தோழர் எனக்கு போன் செய்தார். “என்னம்மா, லிங்க்ட்இன்ல அக்கவுண்ட் தொறக்கச் சொல்லிக் குடுக்கறதுக்கு அம்பேத்கர் படம் மாட்டுன மேடை எதுக்கு? அதுக்குத்தான் யூடியூப்ல ஆயிரம் வீடியோ கெடக்குதே” என்றார். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே சந்தேகம் கேட்டார். அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேர்வு எழுதினார், இடஒதுக்கீட்டில் பட்டியலில் பெயர் வந்தது, போய்ச் சேர்ந்தார். அந்த வேலைக்காக அவர் யாரையும் தெரிந்து வைத்திருக்க வேண்டியதில்லை.

உங்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பட்டியல் கிடையாது. நீங்கள் போகப்போவது தனியார் நிறுவனங்களுக்கு. அங்கே பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் ‘ரெஃபரல்’ இருக்கிறது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் தனக்குத் தெரிந்த ஒருவரின் ரெஸ்யூமை எடுத்துக் கொடுப்பார். ஆள் வேலையில் சேர்ந்தால் பல இடங்களில் கொடுத்தவருக்கு போனஸும் உண்டு. ‘தனக்குத் தெரிந்தவர்’ என்கிறோமே, இந்த நாட்டில் யாருக்கு யாரைத் தெரியும்? சாதி மாறித் திருமணம் செய்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 5 பேர்தான் இருக்கிற நாடு இது. சித்தப்பா, மாமா, மச்சான் எல்லோரும் ஒரே சாதிக்குள்தான். குடியிருப்பதும் பெரும்பாலும் அப்படித்தான். எனவே இதைப் பேச அம்பேத்கர் படம் மாட்டிய மேடைதான் சரியான இடம் என்று அவரிடம் சொன்னேன். “சரி, வந்து கேக்கறேன்” என்றார். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். எங்களுக்குத் திண்டிவனம் பக்கம். அப்பா கரும்பு வெட்டப் போவார். நான் 2009-இல் பொறியியல் முடித்தேன். முந்தைய ஆண்டு அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்ததன் விளைவு எங்கள் கல்லூரி வரை வந்து சேர்ந்தது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வர வேண்டிய கம்பெனிகள் வரவில்லை. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி ஜூலை மாதமே வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்கு என்னைவிட மதிப்பெண் குறைவு. குறையாகச் சொல்லவில்லை, நல்ல பெண், இன்றைக்கும் பேசிக்கொள்கிறோம். எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். “சித்தப்பாவோட ஃப்ரெண்ட் அங்க மேனேஜர்டி” என்றாள். எனக்கும் சித்தப்பா இருந்தார். சித்தப்பாவுக்கும் நண்பர்கள் இருந்தார்கள். அவர்களும் கரும்பு வெட்டத்தான் போனார்கள்.

அடுத்த பத்து மாதம் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து வேலைவாய்ப்புத் தளங்களில் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு பதில் இல்லை. மிச்ச நேரத்தில் ஆர்குட் பார்ப்பேன். உங்களுக்கு ஆர்குட் தெரியாது. முகநூலுக்கு முன்னால் நம் ஊரில் எல்லோரும் இருந்த இடம் அது. 2014 செப்டம்பரோடு மூடிவிட்டார்கள். அதில் எங்கள் கல்லூரிக்கு ஒரு கம்யூனிட்டி இருந்தது. ஒரு சீனியர், ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு முறை பார்த்த ஆள், தன் கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்கு ஆள் எடுப்பதாக எழுதியிருந்தார். ரெஸ்யூம் அனுப்பினேன். அவர் உள்ளே கொடுத்தார். வேலை கிடைத்தது. நான் யார் வீட்டுப் பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. அவர் யார் என்று எனக்கும் தெரியாது.

இது என் அதிர்ஷ்டம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகுதான் இது ஆராயப்பட்ட விஷயம் என்று தெரிந்தது. மார்க் கிரானோவெட்டர் என்கிற அமெரிக்க சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரை மிகப் புகழ் பெற்றது. பாஸ்டன் பக்கத்தில் நியூட்டன் என்கிற ஊரில், புதிதாக வேலை மாறியவர்களிடம் அவர் விசாரித்தார். தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பேன் என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பேன் என்றவர்கள் 55.6. வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் இல்லை என்றவர்கள் 27.8. காரணம் எளிது. தினமும் பார்க்கிற நண்பனுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும். நமக்குத் தெரியாத செய்தி அரைகுறையாகப் பழகிய ஆளிடம்தான் இருக்கும்.

அண்மையில், 2022-இல், இதை லிங்க்ட்இன்னை வைத்தே சோதித்து ‘சயின்ஸ்’ இதழில் ஒரு குழு எழுதியது. ஐந்து ஆண்டுகள், 2 கோடி பயனர்கள், 6 லட்சம் புதிய வேலைகள். ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று தளம் ஆட்களைக் காட்டும் இல்லையா, யாருக்கு யாரைக் காட்டுவது என்பதை மாற்றி மாற்றிப் பார்த்த சோதனைகள் அதற்கு அடிப்படை. நெருங்கியவர்களைவிட ஓரளவு மட்டும் தெரிந்தவர்கள்தான் வேலை மாறுவதற்கு அதிகம் உதவினார்கள் என்பது முடிவு. இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. நாம் யாரைப் பார்க்கிறோம் என்பதைக் கம்பெனி நினைத்தால் மாற்ற முடியும். அந்தத் தளத்துக்கு சாதி என்றால் என்னவென்று தெரிந்திருக்கத் தேவையில்லை. தெரிந்தவருக்குத் தெரிந்தவரைக் காட்டினாலே போதும், ஊரில் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிற கோட்டின் மேலேயே அது நடந்து போகும்.

அமெரிக்காவில் அரைகுறைப் பழக்கம் என்றால் பக்கத்துத் தெரு ஆள், கல்லூரியில் பார்த்த ஆள். இங்கே ஆதிக்க சாதி வீட்டுப் பிள்ளைக்கு அரைகுறைப் பழக்கம்கூடச் சொந்த சாதிக்குள்ளேயே கிடைத்துவிடும். ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் நான்கு மேனேஜரைப் பார்த்துவிட்டு வரலாம். 2012-இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’யில் ஓர் ஆய்வு வந்தது. இந்தியாவின் 1,000 பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் 9,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைப் பார்த்தார்கள். ஏறத்தாழ 93 சதவீதம் பேர் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதி, பழங்குடியினர் சேர்ந்து 3.5 சதவீதம். அந்தக் கல்யாண வீட்டுக்கு நமக்குப் பத்திரிகை வராது.

ஆகவே நமக்கு இந்தத் தளங்கள் பொழுதுபோக்கு இல்லை. ‘நீ யாரு புள்ள’ என்று கேட்காமல் ஒரு கதவைத் தட்டுவதற்குக் கிடைத்த வழி. அதே கதவு வழியாக நம் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பார்கள் என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் பேசுகிறேன்.

முதலில் தட்டுவது. எந்தத் தளத்தை வைத்துக்கொள்வது என்று எல்லோரும் கேட்கிறீர்கள். ஐந்து தளத்தில் அரைகுறையாக இருப்பதைவிட, வேலைக்கு ஒன்று, மனிதர்களுக்கு ஒன்று என்று இரண்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக வேலைக்கு இன்றைய நிலையில் லிங்க்ட்இன்தான். எனக்கு அந்தத் தளத்தின் மேல் பெரிய பிரியமெல்லாம் இல்லை. ஒருவர் சம்பள உயர்வு வாங்கினால் உலகத்துக்குப் பாடம் எடுக்கிற இடம் அது. ஆனால் ஆள் எடுப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். சினிமா, வடிவமைப்பு, புகைப்படம் என்று போகிறவர்களுக்கு இன்ஸ்டாகிராமே ரெஸ்யூம். அவர்கள் அங்கே இருங்கள்.

லிங்க்ட்இன்னில் நம் ஆட்கள் பலர் பயன்படுத்தாமல் விட்டுவிடும் ஒன்று இருக்கிறது. உங்கள் கல்லூரியின் பக்கத்துக்குப் போனால் முன்னாள் மாணவர்கள் என்று ஒரு பகுதி இருக்கும். உங்கள் கல்லூரியில் படித்தவர்கள் எந்த ஊரில், எந்தக் கம்பெனியில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டும். எங்கள் கல்லூரி ஒன்றும் பேர் போன கல்லூரி இல்லை. ஆனாலும் அதைத் திறந்து பார்த்த அன்று அசந்து போனேன். நான் வேலைக்குப் போக ஆசைப்பட்ட மூன்று கம்பெனிகளிலும் எங்கள் கல்லூரிக்காரர்கள் இருந்தார்கள். நமக்கு சித்தப்பா இல்லை, சீனியர் இருக்கிறார்.

அவருக்கு என்ன எழுதுவது? எனக்கு வாரம் பத்துப் பதினைந்து செய்திகள் வருகின்றன. பாதிக்கு மேல் இப்படி இருக்கும்: “ஹாய் மேம். குட் மார்னிங் மேம். எனி ஜாப் மேம்?” அடுத்த நாள் ஒரு பூங்கொத்துப் படம், அதிலும் குட் மார்னிங். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். இதில் பணிவு இருக்கிறதே தவிர செய்தி எதுவும் இல்லை. கையைக் கட்டி நின்றால்தான் கொடுப்பார்கள் என்று நம் உடம்பில் ஏற்றி வைத்திருக்கிறார்களே, அது கைவிரலுக்கும் வந்துவிட்டது.

முன்பின் தெரியாதவருக்கு எப்படி எழுதுவது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் 1946-இல் எழுதப்பட்ட ஒரு கடிதம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலையை ஐக்கிய நாடுகள் அவையின் முன் வைக்க நேஷனல் நீக்ரோ காங்கிரஸ் ஒரு மனு கொடுத்த செய்தியை பாபாசாகேப் அம்பேத்கர் படிக்கிறார். தீண்டப்படாத மக்களுக்காகவும் அப்படி ஒன்றைச் செய்யலாமா என்று யோசிக்கிறார். டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதுகிறார். இருவரும் நேரில் பார்த்ததில்லை. கடிதம் மிகச் சிறியது. உங்களை நேரில் அறியேன், பெயரால் அறிவேன். உங்கள் மக்களின் பிரச்சினையையும் எழுத்துகளையும் படித்து வருகிறேன். எங்கள் மக்களின் நிலையும் உங்கள் மக்களின் நிலையும் ஒத்தவை. அந்த மனுவின் இரண்டு மூன்று பிரதிகளை அனுப்ப முடியுமா, முகவரி இது. அவ்வளவுதான். ஜூலை 31 அன்று டு பாய்ஸ் பதில் எழுதினார். உங்கள் பெயரை அடிக்கடி கேள்விப்பட்டிருக்கிறேன் என்று சொல்லி, கேட்டதையும் அனுப்பினார்.

நான் யார், உங்களை எப்படித் தெரியும், எனக்கு வேண்டியது இந்த ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் போதும். “அக்கா, நான் நீங்கள் படித்த அதே கல்லூரியில் இந்த ஆண்டு முடிக்கிறேன். உங்கள் நிறுவனத்தில் இந்த எண்ணுள்ள வேலைக்கு விளம்பரம் பார்த்தேன். நான் செய்த ப்ராஜெக்ட் அதற்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். என் ரெஸ்யூமைக் கொடுக்க முடியுமா?” இப்படி எழுதினால் எனக்கு வேலை சுலபம். பத்துப் பேருக்கு எழுதினால் எட்டுப் பேர் பதில் போட மாட்டார்கள். போடாததற்கு எல்லா நேரமும் சாதி காரணமாக இருக்காது. பல பேர் சோம்பேறிகள்.

அடுத்து பெயர். லிங்க்ட்இன்னில் கணக்குத் தொடங்கும்போதே இரண்டு கட்டம் வரும்: ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம். இரண்டாவதை நிரப்பாமல் விடாது. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் வெறும் பெயரும் ஓர் எழுத்துமாக நாம் திரிகிறோம் என்றால் அதற்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. எங்கோ கலிபோர்னியாவில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தைப் போட்டவருக்கு அது தெரியாது. நான் ‘கே’ என்று ஓரெழுத்து போட்டிருந்தேன். நொய்டாவிலிருந்து ஒரு ஹெச்.ஆர். போனில் கேட்டார்: “கே மட்டும்தானா? முழுப் பெயர் என்ன?” அப்பா பெயர் என்றேன். “அது சரி, குடும்பப் பெயர்?” அதுவும் அப்பா பெயர்தான் என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. தெரிந்துகொள்ள வேண்டியது தெரியவில்லையே. இப்போது அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை முழுசாகப் போட்டிருக்கிறேன். கரும்பு வெட்டியவர் பெயர் மெயில் ஐடி வரை வந்துவிட்டது. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமை.

பெயரைத் தெரிந்துகொள்ள ஏன் இத்தனை ஆர்வம் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் வெளியிட்டது. 66 வாரங்கள் செய்தித்தாள்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. படித்தது போதவில்லை, திறமை போதவில்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்கிற இரவுகளில் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி எட்டிப் பார்ப்பவர்கள் கதை. 2013-இல் நான் இரண்டாவது கம்பெனியில் இருந்தேன். பெயர் வேண்டாம். டீம் லீட் முகநூலில் நட்பு அழைப்பு அனுப்பினார். லீட் அனுப்பினால் எப்படி மறுப்பது, ஏற்றுக்கொண்டேன். அந்த ஆண்டு ஏப்ரல் 14 ஞாயிற்றுக்கிழமை. ஊரில் இருந்தேன். காலனியில் சிலைக்கு மாலை போட்டார்கள். அப்பா நீலத் துண்டு போட்டுக்கொண்டு நிற்கிற படம், நான் எடுத்தது, நன்றாக வந்திருந்தது. போட்டேன். அந்த வாரத்திலிருந்து மதியச் சாப்பாட்டு மேசை மாறிப்போனது. நான்கு பேர் டப்பாவைத் திறந்து வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவோம். ஒருவருக்கு திடீரென்று டயட். இன்னொருவருக்கு மீட்டிங். என் அம்மா செய்த கருவாட்டுக் குழம்பை ஆசையாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட லீட், “ரெண்டு மாசம் நான்வெஜ் விட்டிருக்கேன்” என்றார். ஆன்சைட் போக எனக்கு விசா காகிதமெல்லாம் தயாராகிக்கொண்டிருந்தது. அனுப்பியது வேறொருவரை. வாடிக்கையாளர் மாற்றிக் கேட்டார் என்றார்கள். இருக்கலாம். என்னால் எதையும் நிரூபிக்க முடியாது. இந்த வகைத் தீண்டாமையின் தந்திரமே அதுதான், நமக்கே சந்தேகமாக இருக்கும்.

அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த பாபாசாகேப் பம்பாயில் பங்கு முதலீட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்று நடத்திப் பார்த்தார். அவர் சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றுபோனது. நூறாண்டு முன்பு ஒருவர் சாதியை இன்னொருவரிடம் வாயால் சொல்லிப் பரப்ப வேண்டியிருந்தது. நான் நானே படம் எடுத்துப் போட்டேன்.

அதனால் போடாதே என்று சொல்ல வரவில்லை. யாருக்குப் போடுகிறோம் என்பதை நாம் முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். காலங்காலமாக நம்மைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தினார்கள். இப்போது யாரைத் திண்ணையோடு நிறுத்துவது, யாரை அடுப்படி வரை விடுவது என்று தீர்மானிக்கிற வசதி நம் கையில் இருக்கிறது. முகநூலில் நண்பர் பட்டியலை நீங்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள். நம் பதிவைவிட நம் நண்பர் பட்டியல்தான் அதிகம் பேசும். லிங்க்ட்இன்னிலும் தொடர்புகளை மறைக்க முடியும். பதிவு போடும்போது யார் பார்க்கலாம் என்று பிரிக்க முடியும். அலுவலகத்தில் யார் கேட்டாலும் “நான் வேலைக்காரங்களை லிங்க்ட்இன்லதான் சேர்ப்பேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. உங்கள் போனில் உள்ள எண்களையெல்லாம் ஏற்றட்டுமா என்று ஒவ்வொரு தளமும் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்றினால் ஊர்க்காரர், அலுவலகக்காரர், முன்பு வாடகை வீடு தர மறுத்தவர் எல்லோருக்கும் உங்களைக் காட்டிக் கொடுக்கக்கூடும்.

பெண் தோழர்களுக்குத் தனியாக ஒன்று. வாட்ஸ்அப்பில் முகப்புப் படத்தை யார் பார்க்கலாம், உங்களை யார் குழுவில் சேர்க்கலாம் என்பதை இன்றைக்கே மாற்றுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று வருபவர் நான்காவது செய்தியில் “ஏன் டிபியில போட்டோ இல்ல” என்று கேட்டால் அவரிடம் வேலை இல்லை. பணம் கேட்டாலும் அப்படியே. 2022-இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று சமூக ஊடக விளம்பரத்தையும் ஏஜென்டையும் நம்பிப் போனவர்கள், எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடி என்கிற இடத்தில் சிக்கி, இணைய மோசடி வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

கல்லூரித் தொடர்பைப் பற்றி இவ்வளவு பெருமையாகச் சொன்னேன். அதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடர்ந்தது. அந்தப் பொறியாளரும் அவருடைய மேலாளரும் ஒரே ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள், அவர் இடஒதுக்கீட்டில் வந்தவர் என்பதை அந்த மேலாளர்தான் மற்றவர்களிடம் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. மேலாளர்கள் மீதான வழக்கு 2023-இல் கைவிடப்பட்டது, நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. எனக்குச் சீனியர் கதவைத் திறந்தார். அந்த வழக்கு சொல்வது, ஒரு கல்லூரித் தொடர்பே கதவை மூடவும் பயன்படும் என்பதை.

இப்போது நான் சொல்லப்போவதை இதுவரை எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. அந்தச் சாப்பாட்டு மேசைக்குப் பிறகு நான் எல்லாவற்றையும் அழித்தேன். அப்பா படம், சிலைப் படம் எல்லாம். நான்கு வருடம் என் முகநூலில் சூரிய அஸ்தமனமும் பூனைக்குட்டியும்தான் இருந்தன. 2017-இல் லிங்க்ட்இன்னில் ஒரு தம்பி செய்தி அனுப்பினான். “அக்கா, நானும் உங்க காலேஜ்தான். எங்க ஊர்ல உங்க அப்பாவைத் தெரியும்னு சொன்னாங்க. நீங்களும் நம்ம ஆளுங்கதானே? டெஸ்டிங் படிச்சிருக்கேன். ஏதாவது இருந்தா சொல்லுங்கக்கா.” அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது திரையில் வந்தது. பக்கத்து இருக்கையில் ஆள் இருந்தார். எனக்குக் கை நடுங்கியது. ‘நம்ம ஆளுங்க’ என்கிற வார்த்தையைப் பார்த்து நடுங்கியது. மடிக்கணினியை மூடினேன். பதில் போடவில்லை.

எட்டு மாதம் கழித்து, ஒரு தூக்கம் வராத இரவில், எடுத்துப் பதில் எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன், வேலைப்பளு என்று பொய்யும் சொன்னேன். காலையில் பதில் வந்திருந்தது. “பரவால்லக்கா. இப்ப பைக் ஷோரூம்ல சேல்ஸ்ல இருக்கேன். வீட்ல கஷ்டம், வெயிட் பண்ண முடியல.” அவன் எழுதிய அந்த மாதம் எங்கள் டீமிலேயே இரண்டு இடம் காலியாக இருந்தது.

அவனுக்கு எனக்கு எழுதுவது மட்டும்தான் வழியாக இருந்ததா, நான் கொடுத்திருந்தால் எடுத்திருப்பார்களா, தெரியாது. ஆனால் நான் அவனுடைய ஆர்குட் சீனியர். என்னை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று நான் மூடிய கதவு, அலுவலகத்துக்காரர்களுக்கு எதிராக மூடிய கதவு, அவன் முகத்தில் போய் அடித்தது. அன்றிலிருந்து ஞாயிறு இரவு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். வந்த செய்தி ஒவ்வொன்றுக்கும், பூங்கொத்துக்கும்கூட, பதில் போடுகிறேன். முடியாது என்றால் முடியாது என்றாவது போடுகிறேன்.

போன வாரம் ஒரு மாணவி கேட்டாள்: “அக்கா, அம்பேத்கர் வாசிப்பு வட்டச் செயலாளரா இருக்கேன், அதை புரொஃபைல்ல போடலாமா?” இன்னொருவர் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்ததைப் போடுவதா என்று கேட்டார். 2025-இல் தமிழ்நாடு அரசு விடுதிகளின் பெயரைச் சமூகநீதி விடுதி என்று மாற்றியது. ஆனால் பழைய சான்றிதழில் பழைய பெயர்தானே இருக்கும். பள்ளி பற்றி என் பதில் எளிது: லிங்க்ட்இன்னில் பள்ளியைப் போட வேண்டிய கட்டாயமே இல்லை, கல்லூரியிலிருந்து தொடங்கலாம். விட்டால் அது வெட்கம் ஆகாது. போட்டால் அது வீரமும் ஆகாது. முதல் வேலை தேடுகிற, வீட்டில் கடன் இருக்கிற பிள்ளையிடம் எல்லாவற்றையும் திறந்து வை என்று சொல்ல எனக்கு வாய் வராது. வேலையில் நிலைத்துவிட்ட எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அந்தக் கடமை அதிகம். நாங்கள் தெரிகிறபடி இருந்தால்தான் நீங்கள் எங்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும்.

வாசிப்பு வட்டம் பற்றி நான் செய்ததைச் சொல்கிறேன். 2019-இல் என் புரொஃபைலில் போட்டேன். ‘முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான அம்பேத்கர் படிப்பு வட்டம், ஒருங்கிணைப்பாளர்; மாதம் இரண்டு கூட்டம், 40 மாணவர்கள்’ என்று வேலைக்குரிய மொழியில் எழுதினேன். ஒரு நேர்காணலில் எதிரில் இருந்தவர் அந்த வரியில் விரலை வைத்து, “இது என்ன?” என்றார். சொன்னேன். அதோடு பேச்சு குறைந்தது. அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு நாக்பூர்க்காரப் பெண் ஒருவர் செய்தி அனுப்பினார். முன்பின் தெரியாது. முதல் வரி ஜெய்பீம். இரண்டாவது வரியில் அவருடைய டீமில் உள்ள வேலைக்கான இணைப்பு. இப்போது அங்கேதான் இருக்கிறேன். மதியம் கருவாடு கொண்டுபோகிறேன். இரண்டும் நடந்தது. இரண்டையும் கேட்டுவிட்டு அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, போதும். மடிக்கணினி கொண்டு வந்தவர்கள் அந்தச் சுவர் ஓரமாக உட்காருங்கள், அங்கே பிளக் பாயின்ட் இருக்கிறது. போனில் செய்பவர்கள் இந்தப் பக்கம். முதலில் உங்கள் கல்லூரிப் பக்கத்தைத் திறந்து, உங்களுக்கு வேண்டிய கம்பெனியில் இருக்கிற மூன்று சீனியர்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஒருவருக்கு இங்கேயே உட்கார்ந்து செய்தி எழுதிவிடலாம். அனுப்புவதற்கு முன்னால் என்னிடமோ பின்வரிசையில் இருக்கிற ரயில்வே தோழரிடமோ காட்டுங்கள். அவருக்கும் ஒரு கணக்குத் தொடங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். லாஸ்ட் நேம் என்ன போடுவது என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.